முதலிடம் இல்லாத 300 கிலோமீட்டர்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஒரு டீக்கடை. நேரம் பதினொன்றரை. ஹெல்மெட்டும் ஒளிரும் பட்டை வைத்த மஞ்சள் சட்டையும் மாட்டிய ஏழெட்டுப் பேர் சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே டீ குடிக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) எந்தக் கடையில் நின்றாலும், கேள்விகள் இதே வரிசையில்தான் வருகின்றன.

“எங்கேருந்து வர்றீங்க?”

“மெட்ராஸ்லேருந்துண்ணே.”

“இந்த சைக்கிள்லயேவா?”

“ஆமாண்ணே. பாண்டி போய்ட்டுத் திரும்பவும் மெட்ராஸ்.”

“இன்னிக்கேவா! ஃபர்ஸ்ட்டு வந்தா எவ்ளோ தருவாங்க?”

“ஒண்ணும் தர மாட்டாங்க. ஃபர்ஸ்ட்டுனு ஒண்ணே கிடையாதுண்ணே.”

அதற்குப் பிறகு கடைக்காரர் எதுவும் கேட்பதில்லை. அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவார்.

அவருக்கு வந்த சந்தேகம் நியாயமானதுதான். காசு கட்டிப் பெயர் கொடுத்து, விடியுமுன் எழுந்து, நாள் முழுக்க வெயிலில் மிதித்து, நள்ளிரவில் வீடு திரும்பி, கடைசியில் பரிசும் இல்லை, முதலிடமும் இல்லை என்றால் இதற்குப் பெயர் என்ன? ஓட்டுகிறவர்கள் ‘பி.ஆர்.எம்.’ என்கிறார்கள். ‘பிரெவே த ரான்டனர் மோன்தியோ’ என்ற பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம் அது. பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் வகுத்த விதிகளின்படி உலகெங்கும் நடக்கும் நெடுந்தூர சைக்கிள் பயணம். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ரான்டனர்ஸ் அமைப்பின் கீழ் சென்னை, கோவை உட்படப் பல ஊர்களின் கிளப்புகள் இதை நடத்துகின்றன.

தூரமும் நேரமும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். 300-க்கு 20 மணி. 400-க்கு 27 மணி. 600-க்கு 40 மணி. 1,000-க்கு 75 மணி. ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவருக்கு ‘சூப்பர் ரான்டனர்’ என்று பெயர், பேச்சுவழக்கில் ‘எஸ்.ஆர்.’. நேரம் பதிவாகும், ஆனால் தரவரிசை கிடையாது. ஒன்பதரை மணி நேரத்தில் 300-ஐ முடித்தவரும், பத்தொன்பது மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் தள்ளாடி வந்து சேர்ந்தவரும் ஒரே கணக்கில் சேர்வார்கள். பதக்கம் உண்டு. வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

கையில் ஒரு அட்டை

கிளம்பும் இடத்தில் முதலில் சைக்கிளைப் பார்ப்பார்கள். முன்விளக்கு எரிகிறதா, பின்னால் சிவப்பு விளக்கு இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, ஹெல்மெட்டும் ஒளிரும் சட்டையும் இருக்கின்றனவா? எல்லாம் சரியென்றால் மடித்துவைக்கும் அளவில் ஒரு அட்டை கைக்கு வரும். இதுதான் பிரெவே கார்டு. வழியில் உள்ள ஒவ்வொரு ‘கன்ட்ரோல்’ பெயரும், அது திறக்கும் நேரமும் மூடும் நேரமும் அதில் இருக்கும். அங்கே போய் நேரம் எழுதி முத்திரை வாங்க வேண்டும்.

மூடும் நேரம் புரிகிறது. திறக்கும் நேரம் எதற்கு? இந்த விளையாட்டில் அளவுக்கு மீறிய வேகத்துக்கும் தடை உண்டு. முதல் 200 கிலோமீட்டருக்கு மணிக்கு 34 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு. தூரம் கூடக் கூட அந்த வரம்பு இன்னும் குறையும். குறைந்தபட்ச வேகம் 600 கிலோமீட்டர் வரைக்கும் மணிக்கு 15. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், 150-வது கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரி கன்ட்ரோல் ஏறக்குறைய பத்தரை மணிக்குத் திறந்து, மாலை நான்கு மணிக்கு மூடிவிடும். அதற்கு முன்னால் போனவர் காத்திருக்க வேண்டும். பின்னால் போனவர் ‘டி.என்.எஃப்.’, அதாவது முடிக்காதவர்.

எல்லா கன்ட்ரோலிலும் ஆள் உட்கார்ந்திருக்க முடியாது. பிரான்ஸில் ரொட்டிக் கடையிலோ காபிக் கடையிலோ முத்திரை வாங்குவார்கள். நம் ஊரில் அதற்கு ஓர் அருமையான மாற்று கண்டுபிடித்தார்கள்: ஏ.டி.எம். சீட்டு. கார்டைச் செருகி இருப்புத் தொகை பார்த்தால், ஊர்ப் பெயரும் தேதியும் நேரமும் அச்சிட்ட துண்டுச் சீட்டு வந்துவிடும். யாரும் பொய் சொல்ல முடியாத சாட்சி. பின்னிரவில் ஏ.சி. ஓடும் அந்தச் சின்ன அறை, சீட்டு வாங்க வந்தவனைப் பத்து நிமிடம் தரையில் சாய்ந்திருக்கவும் விடும். காவலாளி நல்லவராக இருந்தால் பதினைந்து நிமிடம்.

விதிகளில் மிகக் கடுமையானது வேறொன்று. பின்னால் கார் வரக் கூடாது. மனைவியோ, நண்பனோ வழியில் வந்து தண்ணீர் கொடுக்கக் கூடாது. கன்ட்ரோலில் மட்டும் கொடுக்கலாம். பஞ்சர் ஆனால் நீங்களே ஒட்ட வேண்டும். செயின் அறுந்தால் நீங்களே கோக்க வேண்டும். பசித்தால் எல்லோருக்கும் திறந்திருக்கும் கடையில் வாங்கிச் சாப்பிடலாம். வழி தவறினால் தவறிய இடத்துக்கே திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். நடத்துபவரின் வேலை பாதையைக் குறித்துக் கொடுப்பதும் நேரத்தைக் குறிப்பதும். மற்றதெல்லாம் உங்கள் பாடு.

ஆனால், சக ஓட்டியிடம் உதவி வாங்கலாம். அதற்குத் தடையே இல்லை. இந்த ஒரு விலக்கை வைத்துத்தான் மொத்தக் கூட்டமும் ஓடுகிறது.

முன்சக்கரத்தின் நிழலில்

அக்கரை, உத்தண்டி, கோவளம் என்று விடியற்காலையில் போகும்போது எல்லோரும் ஒரே கும்பலாகத்தான் போவார்கள். பேச்சும் சிரிப்புமாக இருக்கும். மாமல்லபுரம் தாண்டியதும் கும்பல் நாலைந்து துண்டாக உடையும். யார் யாரோடு போகிறார்கள் என்பதை நட்போ கிளப்போ முடிவு செய்வதில்லை. முழங்கால்கள் முடிவு செய்கின்றன. உங்கள் வேகமும் அவர் வேகமும் ஒத்துப்போனால் அடுத்த பத்து மணி நேரம் அவர்தான் உங்கள் உறவினர். பெயர் கூடத் தெரியாமல் நூறு கிலோமீட்டர் சேர்ந்து மிதித்தவர்கள் உண்டு.

சேர்ந்து மிதிப்பதில் இயற்பியலும் இருக்கிறது. சமதரையில் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளுக்குப் பெரிய எதிரி காற்றுதான். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துப் போக, அவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பு கணிசமாக மிச்சமாகும். நாலு பேர் வரிசையாகப் போய், சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் விலகிக் கடைசிக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் கால் மிஞ்சும். ஆனால் ஒரு முழத்துக்கு முன்னால் இன்னொரு சக்கரம் சுழலும்போது, கண்ணுக்குச் சாலை தெரியாது. முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். அதனால் அவர் கண்தான் எல்லோருக்கும் கண். “பள்ளம்!”, “ஸ்பீட் பிரேக்கர்!”, “மாடு!”, “பின்னாடி பஸ்!” என்று குரல் வரிசையில் பின்னோக்கிப் போகும். கையைத் தாழ்த்தி விரலால் காட்டினால் பள்ளம் அந்தப் பக்கம். திடீரென்று பிரேக் பிடிப்பது பெருங்குற்றம். பிடித்தவர் தப்பிவிடுவார், பின்னால் இருப்பவர்தான் விழுவார்.

இந்தச் சாலையின் காற்றுக்கும் ஒரு குணம் உண்டு. பி.ஆர்.எம். அதிகம் நடக்கும் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கிலிருந்து வீசும். புதுச்சேரி நோக்கித் தெற்கே போகும்போது முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம், கடப்பாக்கம், மரக்காணம் எல்லாம் பறந்து போகும். முதல் தடவை வந்தவர்கள் தங்கள் காலை மெச்சிக்கொள்வார்கள். பழைய ஆட்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள். மத்தியானம் புதுச்சேரியில் திரும்பியதும் அதே காற்று முகத்தில் அடிக்கும். 150 கிலோமீட்டரும் அடிக்கும்.

நான் கலந்துகொண்ட ஒரு 300-ல் இந்தத் திரும்பும் பாதியில்தான் ஒரு விஷயம் விளங்கியது. காலையில் எல்லோரையும் பின்தள்ளிப் பறந்துபோன இளைஞர் ஒருவர், மாலையில் சாலையோரம் டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கொண்டுவந்த இரண்டு டியூபும் பஞ்சர். பசை காய்ந்துபோயிருந்தது. எங்கள் வரிசையில் இருந்த, ஐம்பது வயது தாண்டிய வங்கி ஊழியர் ஒன்றும் பேசாமல் இறங்கி, தன் பையிலிருந்து டியூபை எடுத்து நீட்டினார். “நாளைக்குத் திருப்பித் தரேன் சார்” என்றார் இளைஞர். “எனக்கு வேணாம். வழியில எவனாவது நிப்பான், அவன்கிட்ட குடு” என்றார் இவர். பிறகு இருட்டும் வரை அந்த இளைஞர் எங்கள் வரிசைக்கு முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொண்டார். காலையில் தனக்காக மட்டும் செலவழித்த பலத்தை மாலையில் ஐந்து பேருக்குப் பங்கிட்டார்.

பின்னால் ஒரு கார் வந்துகொண்டிருந்தால் இது நடந்திருக்காது. அந்த இளைஞர் காரிலிருந்து டியூபை வாங்கி மாட்டிக்கொண்டு போயிருப்பார். வங்கி ஊழியர் யாரென்றே அவருக்குத் தெரிந்திருக்காது. வெளியுதவி கூடாது என்ற விதி, பார்க்க ஆளைத் தனியாக்குவது போல இருக்கிறது. நடப்பதோ நேர்மாறு. ஊர்பேர் தெரியாதவர்களை ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக்குவது அந்த விதிதான்.

டீக்கடையில் தோற்பவர்கள்

வேகமாக மிதிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்து வருகிறவர்கள்தான் பெரும்பாலும் நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 300 கிலோமீட்டரை மணிக்கு 22 வேகத்தில் மிதித்தால் 13 மணி 38 நிமிடம். இருபது மணியில் இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல் மீதி இருக்கிறது. தாராளம் போலத் தெரியும். காலை இட்லிக்கு முக்கால் மணி. இளநீருக்குக் கால் மணி. புதுச்சேரியில் மதியச் சாப்பாடும் சாய்ந்து படுத்ததும் சேர்த்து ஒன்றரை மணி. பஞ்சருக்கு அரை மணி. போட்டோ எடுக்க, போன் பேச, அடுத்தவருக்காகக் காத்திருக்க என்று நிமிடங்கள் உதிரும். எதிர்காற்றில் வேகம் 17-க்கு இறங்கும். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டால் கை நடுங்கும்.

அதனால்தான் அனுபவசாலிகள் டீயை நின்றபடி குடிக்கிறார்கள். கன்ட்ரோலில் என்ன செய்ய வேண்டும் என்பதை அது வருவதற்கு ஐந்து கிலோமீட்டர் முன்பே மனதில் வரிசைப்படுத்திக்கொள்வார்கள்: முத்திரை, தண்ணீர், வாழைப்பழம், கிளம்பு. நாற்காலி என்றால் அவர்களுக்குப் பயம். உட்கார்ந்தால் உடம்பு குளிர்ந்துவிடும், தொடை இறுகிவிடும், மனசு வீட்டை நினைக்கும். மெதுவாகப் போனாலும் நிற்காமல் போகிறவரே நேரத்தோடு சேர்கிறார்.

வயிற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து உடம்பு வைத்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பு சுமார் 2,000 கலோரி. கடுமையாக மிதித்தால் சில மணி நேரத்திலேயே கரைந்துவிடும். அப்புறம் கண் இருட்டும், கால் பஞ்சாகும், எரிச்சல் வரும். பசி தெரியும்போது சாப்பிட ஆரம்பித்தால் அது தாமதம். மணிக்கு ஒருமுறை எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும். விலை உயர்ந்த ஜெல் பொட்டலங்களைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. பெரும்பாலோரின் பையில் கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கும். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது ஆபத்து. மோரில் உப்புப் போட்டுக் குடிக்கிற நம் ஊர் வழக்கத்தை எந்தப் பயிற்சியாளரும் குறை சொல்ல மாட்டார்.

நானூறு, அறுநூறு என்று போகும்போது எதிரி மாறிவிடும். காலைவிட உட்காரும் இடம் நோகும். உராய்வில் புண் வந்தால் மிச்ச தூரமெல்லாம் நரகம். அதனால் தடித்த பஞ்சு வைத்த ஷார்ட்ஸும் வாசலினும் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. ஹேண்டில்பாரை மணிக்கணக்காக அழுத்துவதால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். எல்லாவற்றையும்விடப் பெரியது தூக்கம். பின்னிரவு இரண்டு மணிக்குமேல் விடியும் வரை உடம்பின் கடிகாரம் அடியில் கிடக்கும். மரம் மனிதனாகத் தெரியும். இல்லாத நாய் குறுக்கே ஓடும். அந்த நேரத்தில் வீரம் காட்டுவது முட்டாள்தனம். பஸ் நிழற்குடையில் பதினைந்து நிமிடம் கண்ணை மூடினால் ஆள் மாறிவிடுவார். சேர்ந்து போகிறவர்கள் ஒருவரையொருவர் பேசவைத்துக்கொண்டே போவதும் இதனால்தான். அந்த நேரத்துப் பேச்சில் சாரம் எதுவும் இருக்காது. சத்தம் இருந்தால் போதும்.

ரோமிலிருந்து, பாரிஸ் வழியாக

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? 1897-ல் இத்தாலியில் பன்னிரண்டு பேர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரை ஒரே பகலில் மிதித்துவிடக் கிளம்பினார்கள். ‘ஆடாக்ஸ்’ என்ற பெயர் அங்கே பிறந்தது. 1904-ல் அதைப் பிரான்ஸுக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி தெக்ராஞ்ச். முந்தைய ஆண்டுதான் டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியிருந்த பத்திரிகையாளர். அவருடைய ஆடாக்ஸில் எல்லோரும் ஒரே கூட்டமாக, தலைவர் ஒருவர் வைத்த வேகத்தில் போக வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. பிறகு அவருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியனுக்கும் மனக்கசப்பு வர, அந்தச் சங்கம் 1921-ல் ‘அவரவர் வேகம்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. நேர வரம்புக்குள் எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம். இன்று ஈ.சி.ஆரில் நடப்பது அந்த முறைதான்.

இரண்டையும் ஒப்பிட்டால் சுவையான முரண் தெரியும். ஆடாக்ஸில் கூட்டம் என்பது கட்டளை. அவரவர் வேகத்தில் கூட்டம் கட்டாயமில்லை, ஆனாலும் கூடிவிடுகிறது. தானாகக் கூடியதற்குத்தான் இரவு நீளத் தாக்குப்பிடிக்கும் வலு இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மூத்தது பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். சுருக்கமாக ‘பி.பி.பி.’. பாரிஸிலிருந்து பிரான்ஸின் மேற்கு முனையில் உள்ள பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர். ‘லெ பெத்தி ஜூர்னால்’ நாளிதழின் பியர் ஜிஃபார் 1891-ல் தொடங்கிவைத்தார். இருநூற்றுச் சொச்சம் பேர் கிளம்பினார்கள். இடையில் வண்டி மாற்றக் கூடாதென்று சைக்கிள்களுக்கு முத்திரை வைத்தார்கள். திரும்பும் வழியில் முன்னணியில் இருந்த ழியெல்-லவால் சற்றுத் தூங்கிவிட, தூங்காமல் மிதித்த ஷார்ல் தெரோன் அவரைத் தாண்டிப் போய் 71 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் வென்றார். அவர் வண்டியில் இருந்தது மிஷெலின் சகோதரர்களின் கழற்றி மாட்டக்கூடிய காற்றடைத்த டயர். அந்தக் கம்பெனியின் பெயர் ஊரெங்கும் பரவ அந்த வெற்றி உதவியது.

1901-ல் வென்றவர் மொரீஸ் காரன். இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் டூர் த பிரான்ஸையும் அவரே வென்றார். 1931-ல் ஆஸ்திரேலியாவின் ஹூபர்ட் ஆப்பர்மன் 49 மணி 23 நிமிடத்தில் முடித்தார். பின்னாளில் தன் நாட்டில் அமைச்சரானார். 1951-ஓடு தொழில்முறை வீரர்கள் இதைக் கைவிட்டார்கள். அவ்வளவு நீளப் பந்தயத்துக்காகப் பயிற்சி எடுத்தால் மற்றப் பந்தயங்கள் கெடும் என்பது அவர்கள் கணக்கு. பரிசுக்காரர்கள் போய்விட்டார்கள். 1931-லிருந்தே பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சாதாரண ஆட்கள் நிற்கவில்லை. இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பி.பி.பி.யில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளம்புகிறார்கள். கடைசியாக நடந்தது 2023-ல்; அடுத்தது 2027-ல். அந்த ஆண்டில் 200 முதல் 600 வரை நான்கையும் முடித்தவர்களுக்கே இடம். கடலூரில் இருந்து போனாலும் கலிஃபோர்னியாவிலிருந்து போனாலும் இந்த நுழைவுச்சீட்டு ஒன்றுதான். ஈ.சி.ஆரில் வாங்கிய முத்திரைகளைப் பாரிஸில் சரிபார்த்து எண் கொடுக்கிறார்கள்.

2011-க்குப் பிறகு பி.பி.பி.யில் இந்தியர்கள் கூடினார்கள். 2019-ல் நூற்றுக்கணக்கில் போனார்கள். பலரால் வரம்பான தொண்ணூறு மணி நேரத்துக்குள் திரும்ப முடியவில்லை. அந்த ஆண்டு பிரெஸ்ட் வரை எதிர்காற்று. இரவில் பத்து டிகிரிக்கும் கீழே குளிர். பிரெத்தாஞ்ஞ் பகுதிச் சாலையில் பெரிய மலை இல்லை, சமதரையும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்து, மொத்த ஏற்றம் பதினோராயிரம் மீட்டரைத் தாண்டும். ஈ.சி.ஆரின் தட்டைச் சாலையில் எஸ்.ஆர். வாங்கியவருக்கு அங்கே புதிதாகப் படிக்க நிறைய இருக்கிறது. கல்லட்டி மலைச்சாலையின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளில் மிதித்துப் பழகுகிறவர்கள் ஓரளவு தேறுவார்கள். குளிருக்கு நம்மிடம் பயிற்சி மைதானம் குறைவு.

அங்கேயும் பின்னால் கார் வரக் கூடாது. அந்த வெற்றிடத்தை நிரப்புவது ஊர்கள். நடுராத்திரியில் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காபியும் தோசை போன்ற கிரெப்பும் வைத்துக் காத்திருப்பார்கள் கிராமத்தார். வில்லேன்-லா-ஜுவேல் என்ற சிற்றூரில் ஊரே திரண்டு கைதட்டும். களைத்து வருகிறவர்களின் சாப்பாட்டுத் தட்டைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு மேசை வரை வருவார்கள். ஓட்டுகிறவர் தன் தேவையையெல்லாம் ஒரு காரில் அடைத்துக்கொண்டு வந்திருந்தால், அந்த மேசைகளுக்கு வேலையே இருந்திருக்காது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இதைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. நம் சாலைகள் சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. எதிர்த்திசையில் வரும் பைக், வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை, ஹைபீமைத் தாழ்த்தாத லாரி, அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் கொட்டிக் கிடக்கும் ஜல்லி என்று ஆபத்துகள் வரிசை கட்டும். பி.ஆர்.எம். ஓடும்போதே வாகனம் மோதி இந்தியாவில் சிலர் உயிர் இழந்திருக்கிறார்கள். ‘உங்கள் பாடு’ என்று விதி சொல்வதும், காப்பீடு இல்லாதவரைக் கிளம்பவிடுவதும் வேறு வேறு. இரவுப் பகுதியைக் குறைப்பது, நெரிசலான சந்திப்புகளைத் தவிர்த்துப் பாதை போடுவது, கன்ட்ரோலுக்கு வராதவரைத் தேடிப் போன் செய்வது ஆகியவற்றில் கிளப்புக்குக் கிளப்பு வித்தியாசம் தெரிகிறது. பெயர் கொடுக்கும் முன்பு விசாரித்துக்கொள்வது நல்லது.

பெண்கள் குறைவு. காரணம் கால் பலம் அல்ல. நூற்றைம்பது கிலோமீட்டரில் நம்பி உள்ளே போகக்கூடிய கழிப்பறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருட்டில் ஏ.டி.எம். அறையில் சாய்ந்து கண்ணயர்வது ஆணுக்கு வேடிக்கைக் கதை. பெண்ணுக்கு அது யோசிக்கக்கூட முடியாத காரியம். வேகம் பார்க்காமல் ஒரு பெண்ணோடு கடைசி வரை சேர்ந்து மிதிக்கும் நாலு பேர் இருக்கும் கிளப்புகளில்தான் அவர்கள் எண்ணிக்கை கூடுகிறது.

‘காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு’ என்ற பேச்சும் இருக்கிறது. லட்சம் ரூபாய்க்கு மேல் விலைபோகும் கார்பன் சைக்கிள்களைக் கிளம்பும் இடத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதே விடியற்காலையில் கோவளம் பக்கத்தில் கேரியரில் மீன் கூடை கட்டிய கறுப்பு சைக்கிள் ஒன்று நம்மை எதிர்கொண்டு போகும். அவருக்கு அது தினசரி வேலை. மீன் கெடுவதற்குள் விற்க வேண்டும் என்பது அவருடைய மூடும் நேரம். யாரும் அவர் அட்டையில் முத்திரை குத்துவதில்லை.

முதல் 200-க்கு முன்னால்

போக ஆசைப்படுகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். 200-லிருந்து தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐம்பது, எண்பது, நூறு என்று கூட்டி, நூற்றிருபது கிலோமீட்டரை அலுக்காமல் முடிக்க முடிந்தால் பெயர் கொடுக்கலாம். புதுச் செருப்பு, புது சீட், புதுச் சாப்பாடு எதையும் அன்றைக்குச் சோதித்துப் பார்க்காதீர்கள். பஞ்சர் ஒட்டுவதை வீட்டு வாசலில், இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை செய்து பழகுங்கள். இரண்டு டியூப், ஒட்டும் சாமான், கைப்பம்பு, செயின் இணைப்பு, மாற்று விளக்கு, கொஞ்சம் சில்லறை போதும். இதயக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் போகாதீர்கள். முதல் ஐம்பது கிலோமீட்டரில் யார் முந்தினாலும் விட்டுவிடுங்கள். அவரைச் சாயங்காலம் பார்க்கலாம்.

கார்பன் சைக்கிள் வேண்டுமா என்றால், வேண்டாம். மனித பலத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் பி.ஆர்.எம். விதியில் இடம் உண்டு. கியர் இல்லாத வண்டி, இருவர் மிதிக்கும் வண்டி, படுத்தபடி மிதிக்கும் வண்டி எல்லாமே ஓடியிருக்கின்றன. கோவளத்து மீன்காரர் ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் கறுப்பு சைக்கிளோடு வந்து நின்றாலும் அவரைத் திருப்பி அனுப்ப எந்த விதியும் இல்லை. ஹெல்மெட்டும் விளக்கும் ஒளிரும் சட்டையும் மட்டும் வாங்க வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் அவருக்குப் பழகிய வேகம்தான்.